28 நாள் பணம்

"அக்கா, நல்லா யோசிச்சுப் பார்த்துட்டேன். எனக்கே போகத் தோணல. இங்கயே நெட் எழுதிட்டு ஏதாவது காலேஜ்ல சேர்ந்துக்கறேன்."

2022 ஆகஸ்ட் மாதம் ஒரு நாள் இரவு அவள் போனில் சொன்னது இது. கடலூர் மாவட்டத்தில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்பில் ஆறாவதிலிருந்து உட்கார்ந்து படித்தவள். அப்பா கொத்தனார், அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். எம்.ஏ. பொருளாதாரம் முடித்துவிட்டு, இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் வளர்ச்சிப் பொருளாதாரம் படிக்க அனுமதிக் கடிதம் வாங்கி வைத்திருந்தாள்.

அவள் சொன்னதை நான் நம்பவில்லை. ஏனென்றால் அதே பொய்யை நானும் சொல்லியிருக்கிறேன்.

சமூகவியல் முடித்த கையோடு எனக்கும் அப்படி ஒரு கடிதம் வந்தது. விசாவுக்கு, கட்டணத்தில் மீதியும் தங்கும் செலவும் சேர்த்து ஒரு தொகை தொடர்ந்து 28 நாள் வங்கிக் கணக்கில் இருந்ததாகக் காட்ட வேண்டும். எங்கள் வீட்டுக் கணக்கில் அவ்வளவு பணம் 28 நிமிடம்கூட இருந்ததில்லை. நான் போகவில்லை. ஆனால் கேட்டவர்களிடம் எல்லாம், "களப்பணிதான் முக்கியம்னு முடிவு பண்ணிட்டேன்" என்றேன். கூட்டங்களில் அதைச் சொல்லிக் கைதட்டும் வாங்கியிருக்கிறேன். காசில்லாமல் நின்றேன் என்று ஒரு மேடையிலும் சொன்னதில்லை.

மறுநாள் காலை பஸ் பிடித்து அவள் வீட்டுக்குப் போனேன். விஷயம் மெதுவாக வெளியே வந்தது. கல்விக் கடனுக்கு ஒரு வங்கிக்குப் போயிருக்கிறார்கள். ஏழரை லட்சம் வரைதான் சொத்து ஈடு இல்லாமல் கிடைக்கும். அவளுக்குத் தேவை முப்பது லட்சத்துக்கு மேல். வீட்டுப் பட்டாவைக் காட்டியிருக்கிறார்கள். ஆதிதிராவிடர் நலத்துறை கொடுத்த மூன்று சென்ட், விற்பதற்கும் அடகு வைப்பதற்கும் நிபந்தனை போட்ட பட்டா. அதிகாரி அதைத் திருப்பிக் கொடுத்து, "காலனி மனையை வெச்சு லண்டன் போக முடியுமாம்மா?" என்று சிரித்திருக்கிறார். அம்மா அந்தச் சிரிப்பைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அன்றைக்கு அவளிடம் என் கடிதத்தைப் பற்றி முதல்முறையாக உண்மையைச் சொன்னேன். கூடவே அண்ணலின் கதையையும் சொன்னேன். நாம் வழக்கமாகச் சொல்கிற மாதிரி இல்லை.

நாம் பட்டங்களை வரிசையாகச் சொல்லிப் பழகிவிட்டோம். நடுவில் இருக்கும் ஆண்டுகளைச் சொல்வதில்லை. 1913ல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் நியூயார்க் போகிறார். மாதம் பதினொன்றரை பவுண்டு, மூன்று ஆண்டு, திரும்பி வந்து பரோடாவில் வேலை பார்க்க வேண்டும் என்ற ஒப்பந்தத்தோடு. கொலம்பியாவில் 1915ல் பொருளாதாரத்தில் எம்.ஏ. 1916ல் லண்டன் பொருளாதாரப் பள்ளி. ஓராண்டு முடிவதற்குள் உதவித்தொகை நின்றுபோகிறது. 1917ல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஊர் திரும்புகிறார். பரோடாவில் தங்க இடம் கொடுக்க ஆளில்லை. பார்சி பெயரில் தங்கிய விடுதியிலிருந்தும் தடியோடு வந்து துரத்துகிறார்கள். பம்பாய் வந்து சிடன்ஹாம் கல்லூரியில் பாடம் நடத்திச் சம்பளத்தில் மிச்சம் பிடிக்கிறார். நண்பர் நவல் பத்தேனாவிடம் கடன் வாங்குகிறார். சாகு மகராஜ் உதவுகிறார். 1920ல்தான் மறுபடி லண்டன். 1921ல் எம்.எஸ்சி., 1923ல் ரூபாயின் சிக்கலைப் பற்றிய ஆய்வுக்கு டி.எஸ்சி.

"அந்த மூணு வருஷம் அவர் டிராப் அவுட்தான்" என்றேன். அவள் சிரித்தாள். அம்மாதான் கேட்டார்: "அப்ப அடுத்த வருஷம் போலாமா?"

பல்கலைக்கழகம் சேர்க்கையை ஓராண்டு தள்ளிவைக்கச் சம்மதித்தது. ஒன்றிய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகைக்கு விண்ணப்பித்தோம். நாடு முழுவதற்கும் 125 இடங்கள், அதில் பட்டியல் சாதியினருக்கு 115. வயது 35க்குள், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள், 60 சதவீத மதிப்பெண். கட்டணம், விமானம், விசா எல்லாம் அதில் அடக்கம். பிரிட்டனுக்குத் தங்கும் செலவாக ஆண்டுக்கு 9,900 பவுண்டு. அரசு உதவித்தொகைக் கடிதம் கையில் இருந்ததால் 28 நாள் பணம் காட்ட வேண்டிய வேலையே இல்லாமல் போனது. 2023 செப்டம்பரில் போனாள்.

ஒன்றையும் மறக்கக்கூடாது. 2022ல் இந்தத் திட்டத்தின் விதியில் இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் சார்ந்த ஆய்வுகளுக்கு உதவி இல்லை என்று எழுதிவிட்டார்கள். 1916 மே மாதம் ஒரு பொருளாதார மாணவர் நியூயார்க்கில் மானுடவியல் கருத்தரங்கில் உட்கார்ந்து, இந்தியாவில் சாதி எப்படி உருவானது என்று கட்டுரை வாசித்தார். இந்த விதிப்படி அந்தக் கட்டுரைக்கு இடமில்லை. என்னைப் போல் சமூகவியல் படித்து இந்தியச் சமூகத்தை ஆய்வு செய்ய நினைப்பவர்களுக்கும் இல்லை.

போய்ச் சேர்ந்த மூன்றாவது வாரம் போன். "அக்கா, இங்க எக்கனாமிக்ஸே இல்ல. எல்லாம் கணக்கு." நம் கல்லூரிகளில் பொருளாதாரத்தை வாக்கியமாகப் படித்து வாக்கியமாக எழுதிவிடலாம். அங்கே அணிகள், வகையீடு, புள்ளியியல், கணினியில் தரவுப் பகுப்பாய்வு. முதல் தேர்வில் பாதி மதிப்பெண்கூட வரவில்லை. வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்க விசா அனுமதிக்கும். அவள் எட்டு மணி நேரத்தோடு நிறுத்திக்கொண்டு மிச்ச நேரம் முழுக்கக் கணக்குப் போட்டாள்.

பொதுச் சமையலறையில் நம் நாட்டுப் பையன் ஒருவன் முழுப் பெயர் கேட்டான், ஊர் கேட்டான், பிறகு அப்பா என்ன வேலை என்று கேட்டான். "கொத்தனார்" என்றாள். "ஓ, பில்டரா?" என்றான். "இல்ல, கொத்தனார்." அதற்குப் பிறகு அவன் அவளிடம் உப்பு இருக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லையாம். இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. நான்தான் போனை வைத்துவிட்டு அழுதேன்.

ஆய்வுக்கு இந்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்புத் தரவை எடுத்தாள். இணையத்தில் இலவசமாகக் கிடைப்பது. லட்சக்கணக்கான வரிசைகள். ஒவ்வொரு வரிசையும் ஒரு ஆள். வயது, கல்வி, வேலை, கூலி, சமூகப் பிரிவு. "இதுல ஒரு வரி அம்மா மாதிரியே இருக்குக்கா. 47 வயசு, அஞ்சாவது, எஸ்.சி., தினக்கூலி" என்றாள். துணைத்திட்ட நிதி எங்கே போனது என்று நாம் தெருவில் நின்று கேட்கிறோம். அதைத் தீர்மானிக்கிற அறையில் பேசப்படும் மொழி இந்த வரிசைகள்தான். நம் பிள்ளைகளை சமூகப்பணி படி, பி.எட். படி என்று அனுப்பிக்கொண்டே இருந்ததில் என் பங்கும் உண்டு. அதைத் திருத்திக்கொள்கிறேன்.

தம்பி, தங்கைகளுக்குச் சில வார்த்தைகள். இளங்கலை இரண்டாம் ஆண்டிலேயே பாஸ்போர்ட் எடுங்கள். வருமானச் சான்றிதழைக் கடைசி வாரத்துக்கு விடாதீர்கள். பொருளாதாரம் என்றால் கணக்கை இன்றே தொடங்குங்கள். மாநில அரசின் வெளிநாட்டுக் கல்வி உதவித் திட்டத்துக்கும் சேர்த்து விண்ணப்பியுங்கள். இயக்கத் தோழர்களுக்கு: விண்ணப்பக் கட்டணம், ஆங்கிலத் தேர்வுக் கட்டணம், விசா கைக்கு வரும்வரை பஸ் காசு என்று சின்னத் தொகைகளில்தான் பல பிள்ளைகள் நின்றுபோகிறார்கள். உதவித்தொகை வருவதற்கு முந்தைய அந்தச் செலவுக்கு ஊருக்கு ஒரு நிதி வைக்க நம்மால் முடியும்.

அவள் போன வருடம் திரும்பி வந்துவிட்டாள். சென்னையில் வேலை. மாதத்தில் இரண்டு ஞாயிறு நம் மாலை வகுப்புக்கு வந்து கணக்கு நடத்துகிறாள்.

உங்கள் பெட்டியிலும் ஒரு கடிதம் இருந்தால், "எனக்கே போகத் தோணல" என்று ஊருக்குச் சொல்வதற்கு முன்னால் எங்களில் ஒருவருக்குப் போன் பண்ணுங்கள்.

ஜெய்பீம்.