அம்பத்தூரில் ஓர் அறை, அந்நிய மண்ணில் ஓர் அன்னை

சென்னையிலிருந்து அரக்கோணம் மார்க்கமாகச் செல்லும் மின்சார ரயிலில் நீங்கள் என்றேனும் பயணம் செய்ததுண்டா? வில்லிவாக்கம், கொரட்டூர், பட்டரவாக்கம் என்று நின்று நின்று செல்லும் வண்டி அம்பத்தூரை அடையும்போது, சாப்பாட்டுப் பையும் கையுமாகப் பெருங்கூட்டம் ஒன்று இறங்கும். தொழிற்பேட்டையின் ஊர் அது. அந்த ஊரையும், அதனை அடுத்துள்ள ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய ஊர்களையும் இன்று உங்களுக்குச் சுற்றிக் காட்ட விரும்புகிறேன்.

ஆனால் கட்டடங்களைக் காட்டுவது மட்டும் என் நோக்கமன்று. என் தங்கையின் மகள் தன் பதினாறாம் வயதில் அம்பத்தூரிலிருந்து புறப்பட்டுக் கடல் கடந்து சென்று, முன்பின் அறியாத ஒரு குடும்பத்தில் மகளாக வாழ்ந்து திரும்பினாள். அந்தக் கதையைச் சொல்லவே உங்களை இங்கே அழைத்து வந்தேன்.

வந்தவர்கள் வளர்த்த ஊர்கள்

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அந்தத் தடம் அம்பத்தூர், ஆவடி ஆகிய ஊர்களின் வழியாகத்தான் சென்றது. அன்று வயலும் ஏரியுமாக இருந்த அம்பத்தூருக்கு, நாடு விடுதலை பெற்றபின் தொழில்கள் வந்தன. முருகப்பா குடும்பத்தினர் இங்கிலாந்து நிறுவனம் ஒன்றுடன் கூட்டுச் சேர்ந்து 1949இல் தொடங்கிய சைக்கிள் தொழில் இங்குதான் வேரூன்றியது. அந்த ஆங்கிலேய நிறுவனத்தின் தலைவராக இருந்த சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்டின் பெயரை இவ்வூர் மருத்துவமனை ஒன்று தாங்கி நிற்கிறது.

ஆவடிக்குச் செல்லுங்கள். 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு கூடி, சமதர்மப் பாணிச் சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானம் இயற்றிய ஊர் அது. அங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965இல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. பாரதத்தின் பல மாநிலத்தவரும் அவ்வூரில் குடியேறினார்கள். அங்கே கடைத்தெருவில் ஒரு மணி நேரம் நின்றால் நான்கைந்து மொழிகள் காதில் விழும்.

பூவிருந்தவல்லியோ இவ்விரண்டினும் பழைமை வாய்ந்தது. அவ்வூர்ப் பள்ளிவாசலின் கல்வெட்டு, 1653இல் அதனைக் கட்டியவர் அஸ்தராபாத்தைச் சேர்ந்த துல்ஃபிகாரின் மகன் ருஸ்தம் என்று கூறுகிறது. கோல்கொண்டா சுல்தான் அப்துல்லாஹ் குதுப் ஷாவின் ஆட்சி இப்பகுதியில் நடந்த காலம் அது. அஸ்தராபாத் எங்கே இருக்கிறது தெரியுமா? ஈரான் நாட்டின் வடகோடியில், காஸ்பியன் கடலுக்கு அருகில்! இன்று அதன் பெயர் குர்கான். அங்கே பிறந்த ஒருவர் எழுப்பிய பள்ளியில் நம் மக்கள் இன்றும் தொழுகிறார்கள்.

அத்தாவின் தயக்கம்

2016ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஒரு நாள், என் தங்கையின் மகள் பள்ளியிலிருந்து ஒரு விண்ணப்பப் படிவத்துடன் வந்தாள். அமெரிக்காவில் ஒரு கல்வியாண்டு. அங்குள்ள குடும்பம் ஒன்றில் தங்கி, அரசுப் பள்ளியில் படிக்க வேண்டும். செலவை உதவித்தொகை ஏற்கும்.

அவளுடைய அத்தா தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருப்பவர். படிவத்தைப் படித்து மடித்து வைத்துவிட்டு, "பெண் பிள்ளையை யார் வீட்டிலோ எப்படி விடுவது?" என்று மட்டும் கேட்டார். அது குறுகிய மனத்தின் கேள்வியன்று. நம்மில் எந்தத் தகப்பன்தான் அதைக் கேட்கமாட்டான்? எனவே, "மச்சான், வேண்டாம் என்று சொல்வதற்கு முன் விசாரித்துப் பார்ப்போம்" என்றேன். விசாரித்தோம்.

அமெரிக்கரான டொனால்ட் வாட் என்பவர் 1932இல், இளைஞர்கள் அயல்நாட்டுக் குடும்பங்களோடு தங்கிப் பழகும் முறையைத் தொடங்கினார். முதல் உலகப் போரில் 1915 முதல் காயமுற்ற வீரர்களை ஏற்றிச் சென்ற அமெரிக்க ஆம்புலன்ஸ் தொண்டர்கள், இரண்டாம் உலகப் போரிலும் அப்பணியைச் செய்தார்கள். சாவை அருகிருந்து கண்ட அவர்கள், பிள்ளைகள் ஒருவர் வீட்டில் ஒருவர் உண்டு வளர்ந்தால் போர் குறையும் என்று நம்பினார்கள். 1947இல் 10 நாடுகளிலிருந்து 52 மாணவர்களை அமெரிக்கக் குடும்பங்களில் தங்க வைத்தார்கள். அதுவே ஏ.எஃப்.எஸ். என்னும் அமைப்பு. இந்தியாவிலும் அதற்குக் கிளை உண்டு.

2001 செப்டம்பர் 11 நிகழ்ச்சிக்குப்பின் அமெரிக்காவில் முஸ்லிம்களைப் பற்றி எழுந்த அச்சத்தையும் ஐயத்தையும் நாம் மறக்கவில்லை. அதற்கு அடுத்த ஆண்டு, முஸ்லிம்கள் கணிசமாக வாழும் நாடுகளின் மாணவர்களுக்கென்று 'யெஸ்' என்ற திட்டத்தை அந்நாட்டு வெளியுறவுத் துறை தொடங்கியது. இந்தியாவும் அதில் இடம் பெற்றது. இங்கிருந்து முஸ்லிம் அல்லாத மாணவர்களும் அதில் சென்றிருக்கிறார்கள். படிவம் அத்திட்டத்திற்கு உரியதே.

விதிகளையும் படித்தோம். மாணவரை ஏற்கும் குடும்பம் அதற்காக ஊதியம் பெறுவதில்லை. வீட்டிலுள்ள வயது வந்தோர் அனைவரும் குற்றப் பின்னணி அற்றவர்களா என்று சோதிக்கப்படுகிறார்கள். அதே வட்டாரத்தில் ஒரு பொறுப்பாளர் இருந்து மாதந்தோறும் மாணவருடன் பேசியாக வேண்டும். மாணவர் வாகனம் ஓட்டக்கூடாது. போதைப் பொருளைத் தொடக்கூடாது. வழியில் போகும் வண்டியை மறித்து ஏறக்கூடாது. கடைசி விதியைப் படித்தபோதுதான் மச்சான் முதன்முறையாகச் சிரித்தார். "இதெல்லாம் நான் போடுகிற சட்டம்தானே!" என்றார்.

இரண்டு வீடுகள்

2017 ஆகஸ்டில் அவள் விஸ்கான்சின் மாநிலத்தின் சிற்றூர் ஒன்றுக்குச் சென்றாள். எல்லாம் இனிதாக நடந்தது என்று நான் எழுதினால் அது உண்மையாகாது. முதல் வீடு பொருந்தவில்லை. அவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஆனால் வீட்டு நாய் அவள் அறைக்குள் தாராளமாக வந்து போயிற்று. தொழுகை விரிப்பை நாளொன்றுக்கு இருமுறை மாற்றிய பெண், அதை வாய் திறந்து சொல்லக் கூச்சப்பட்டாள். அவர்களும், 'இந்தப் பெண் ஏன் அறையை விட்டு வருவதில்லை?' என்று வருந்தியிருக்கிறார்கள். ஆறு வாரம் இப்படியே சென்றது. இங்கே என் தங்கை தொலைபேசியருகிலேயே அமர்ந்திருந்தாள். இறுதியில் பொறுப்பாளரிடம் பேசி வேறு வீட்டுக்கு மாற்றினார்கள்.

இரண்டாவது வீட்டில், பிள்ளைகள் வளர்ந்து வெளியேறிவிட்ட ஒரு தம்பதியர் இருந்தனர். ஞாயிறு தவறாமல் தேவாலயம் செல்பவர்கள். முதல் மாலையிலேயே அந்த அம்மையார், "எதை உண்பாய், எதை உண்ணமாட்டாய், எப்போது தொழுவாய் என்று ஒரு தாளில் எழுதிக் கொடு" என்று கேட்டாராம். மறுநாள் அந்தத் தாள் சமையலறையில் ஒட்டப்பட்டிருந்தது. ஜெலட்டின் எதில் இருக்கிறது என்று கடையில் பொட்டலம் பொட்டலமாகப் புரட்டிப் பார்ப்பதை அவர் பழக்கமாக்கிக்கொண்டார். குளிர்காலத்தில் நமக்கும் அவ்வூருக்கும் பதினொன்றரை மணி நேர வேறுபாடு. இங்கே இஷாத் தொழுது முடிக்கும்போது அங்கே அவள் பள்ளிக்குப் போயிருப்பாள்.

2018 மே மாத நடுவில் ரமலான் பிறந்தது. பள்ளி நடந்துகொண்டிருந்தது. நம் ஊரில் அப்போது நோன்பு ஏறத்தாழ 14 மணி நேரம். அங்கே 16 மணி நேரத்திற்கும் மேல். முதல் ஸஹருக்கு அவள் ஓசையின்றி இறங்கி வந்தபோது சமையலறையில் விளக்கு எரிந்ததாம். "தனியாக உண்பது நன்றாயிராது" என்று சொல்லி, அந்த அம்மையார் இரவு உடையிலேயே தேநீருடன் அமர்ந்திருந்தாராம். ஜூன் தொடக்கத்தில் அவள் ஊர் திரும்பும் வரை ஒரு நாளும் அந்த விளக்கு எரியாமல் இருந்ததில்லை.

இதைக் கேட்ட மச்சான் எழுந்து வெளியே போய்விட்டார். சற்று நேரம் கழித்து வந்து, "அவர்களுக்கு என்ன அனுப்பலாம்?" என்று கேட்டார்.

நன்னி கேட்ட கேள்வி

வந்த பெண் சற்று மாறித்தான் இருந்தாள். உண்ட தட்டைத் தானே கழுவினாள். தம்பியையும் கழுவச் சொன்னாள். வீட்டில் முதல் சண்டை அதில்தான் வந்தது! அத்தாவிடம் கருத்து வேறுபாட்டை நேருக்கு நேர் சொன்னாள். ஆனால் குரலை உயர்த்தவில்லை. அவர் பழகிக்கொள்ளச் சில மாதங்கள் ஆயின.

எங்கள் தாயார், அவளுக்கு நன்னி, அப்போது அந்த வீட்டில்தான் இருந்தார். அவர் ஒரு நாள் அமைதியாகக் கேட்டார்: "நம்ம புள்ளைய அவங்க வச்சுக்கிட்டாங்க. அவங்க புள்ளைய நாம வச்சுப்போமா?"

யாரும் உடனே பதில் சொல்லவில்லை. அன்னிய நாட்டுப் பெண்ணை வீட்டில் வைத்தால் தெருவில் என்ன பேசுவார்கள்? ஒரே குளியலறை, கோடையில் தண்ணீர்ப் பஞ்சம். என்றாலும் 2019இல் இத்தாலியிலிருந்து பதினேழு வயதுப் பெண் ஒருத்தி வந்து, அந்த வீட்டின் சின்ன அறையில் மூன்று மாதம் தங்கினாள். முதல் வாரம் காரம் தாளாமல் தயிர்ச்சோறே உண்டாள். மழை பொய்த்து லாரித் தண்ணீருக்குக் குடத்துடன் வரிசையில் நின்றாள். மாலையில் தனியே வெளியே செல்லக் கூடாதென்றபோது அழுதாள். 'எங்கே போகிறாய், எப்போது வருவாய் என்று சொல்லிவிட்டுப் போ' என்று அந்தச் சட்டம் பின்னர் தளர்ந்தது. நன்னிக்குத் தாளிப்பதற்கு வெங்காயம் நறுக்கிக் கொடுப்பதும் அவள் வேலையாயிற்று.

ஒரு விடுமுறை நாளில் ஆவடி வழியாக அவளையும் பூவிருந்தவல்லிக்கு அழைத்துச் சென்று, பள்ளிவாசலை வெளியில் நின்று காட்டினேன். கட்டியவர் ஈரானிலிருந்து வந்தவர் என்றதும், "அவர் முதலில் வந்தபோது யார் வீட்டில் தங்கினார்?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. யாரோ ஒருவர் இடம் கொடுத்திருக்கத்தானே வேண்டும்?

வாசகப் பெற்றோர்களே! எல்லாப் பிள்ளைகளையும் அனுப்புங்கள் என்று நான் சொல்லவில்லை. இத்தகைய திட்டங்களின் விதிகளும் நிதியும் மாறக்கூடியவை, தீர விசாரியுங்கள். பொறுப்பாளர் யார், வீடு பொருந்தாவிட்டால் எவ்வளவு விரைவில் மாற்றுவார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். தொழுகையைப் பற்றியும் உணவைப் பற்றியும் கூச்சமின்றிப் பேசப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுங்கள். எங்கள் பெண் அந்த ஆறு வாரம் துன்பப்பட்டதற்கு, அதை நாங்கள் கற்றுக்கொடுக்காததும் ஒரு காரணம்.

அனுப்ப இயலாதவர்கள் வருத்தப்பட வேண்டாம். வந்து தங்கும் பிள்ளைக்கு இடம் கொடுக்கப் பெரிய மாளிகை தேவையில்லை. அம்பத்தூரில் ஒரு சின்ன அறை போதுமானதாக இருந்தது.

எங்கள் தாயார் இன்று இல்லை. அல்லாஹ் அவர்களின் பாவங்களைப் பொறுத்தருள்வானாக! அவர் கேட்ட கேள்வியை உங்கள் வீட்டிலும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.