யாளியும் தேவாங்கும்

“யாளியைப் பார்த்ததுண்டா?” என்று கேட்டால் திருப்பரங்குன்றத்துப் பிள்ளைகளாகிய நாங்கள், “ஓ, பார்த்திருக்கிறோமே!” என்போம். கோயில் தூணில் சிங்க உடலும் துதிக்கையுமாகச் சிலையாய் நிற்கிறதே! “தேவாங்கைப் பார்த்ததுண்டா?” என்றால் எங்களில் ஒருவரும் வாய் திறக்க மாட்டோம். ஆயினும் அந்தப் பெயர் எங்கள் வகுப்பில் தினமும் ஒலித்தது. மெலிந்த உடலும் பெரிய கண்களும் கொண்ட தோழி ஒருத்தியை அப்படித்தான் அழைத்து வந்தோம்.

நூலக வகுப்பில் நாங்கள் போட்டியிட்டு எடுப்பவை மாயக் கதைகள். உலகில் மிஞ்சிய ஒரே ஒற்றைக்கொம்புக் குதிரையை ஒரு சிறுமி யாருமறியாமல் ஒளித்து வைத்துக் காப்பாள். அது பிழைத்தால் நாடே பிழைக்கும். 1865இல் வெளிவந்த ஆலிஸின் அற்புத உலகக் கதையில் டோடோ பறவை பேசும், பந்தயம் நடத்தும். நாங்கள் சிரித்துக் கொண்டிருந்தோம். “மொரீசியஸ் தீவில் மெய்யாகவே வாழ்ந்த பறவை அது. இந்தக் கதை எழுதப்படுவதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டது” என்றார் அருட்சகோதரி. எங்கள் சிரிப்பு நின்றது. யாளி பிறக்காமலே கல்லாயிற்று. டோடோவோ பிறந்து வாழ்ந்தும் வெறும் கதையாயிற்று!

அப்படியானால் நம் பக்கத்தில் எது மிஞ்சியிருக்கிறது என்று தேடினோம். மேலூருக்கு அருகே அரிட்டாபட்டியில் ஏழு குன்றுகள் உள்ளன. அங்கே வல்லூறும், எறும்புத்தின்னியும், எங்கள் ‘வசைச்சொல்’லான தேவாங்கும் வாழ்கின்றனவாம்! 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அவ்வூரை அரசு அறிவித்தது. அதற்கு முந்தைய மாதம்தான் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காடு தேவாங்குகளுக்கென்றே சரணாலயமாயிற்று. பயிரை அழிக்கும் பூச்சிகளை இரவெல்லாம் தின்னும் இந்தச் சாதுவான பிராணியை, கண் மருந்துக்கு ஆகும் என்ற மூட நம்பிக்கையால் கொன்றவர்கள் உண்டு. பெயரைச் சொல்லிக் கேலி செய்த நாங்கள் மட்டும் என்ன உயர்த்தி?

2024இல் அரிட்டாபட்டிப் பகுதியையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். ஊர் மக்கள் சும்மா இருக்கவில்லை. 2025 ஜனவரி 7 அன்று மதுரையை நோக்கிப் பேரணியாக வந்தார்கள். அதே மாதம் 23ஆம் தேதி மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. கதையில் அபூர்வ விலங்கை ஒளித்து வைத்துக் காக்கிறார்கள். இவர்களோ அங்கே இன்னின்ன உயிர்கள் உண்டென்று ஊரறியச் சொல்லிக் காத்தார்கள். எங்களுக்கு எந்த மாயக் கதையையும் விட இதுவே பெரிதாகத் தோன்றியது.

தோழியிடம் மன்னிப்புக் கேட்டோம். அவள் சற்று நேரம் எங்களைத் தன் பெரிய கண்களால் பார்த்தாள். பிறகு, “அரிட்டாபட்டிக்குச் சுற்றுலா போனால் ராத்திரி வரைக்கும் இருக்கணும்டி. அப்பத்தான் என் சொந்தக்காரங்க வெளியே வருவாங்க” என்றாள்.