கொம்பரக்கும் சொப்புச் சாமானும்

நவராத்திரி நெருங்கியதும் பரண்மேல் இருக்கும் பெட்டிகள் கீழே இறங்கிவிடும். கொலுவின் மேற்படிகளில் தெய்வத் திருவுருவங்கள் வீற்றிருக்க, கீழ்ப்படிகளில் செட்டியார் பொம்மையும் சொப்புச் சாமான்களும் இடம் பெறும். அவற்றுள் கடைசல் பிடித்த மரச் சொப்புகளுக்குத் தனி அழகு உண்டு. உரல், திருகை, குடம், அடுப்பு என ஒரு சிறு இல்லறமே அங்கு விளங்கும். சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக அவை மின்னுவதைக் கண்டு மகிழ்வோர் பலர். அந்த மினுமினுப்பு எங்கிருந்து வந்தது என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே.

தருமபுரியில் ஒரு குடும்பத்தில் அவ்வாறு எண்ணிப் பார்க்கும்படி நேர்ந்தது. அவ்வீட்டின் மூத்த அம்மையாருக்கு வயது 78. அம்பாசமுத்திரத்துச் சொப்புப் பெட்டி ஒன்று தாய்வீட்டுச் சீராக அவருடன் வந்தது. ஆண்டுகள் செல்லச் செல்லச் சில சொப்புகள் மங்கின. சிலவற்றின் விளிம்பில் நிறம் உதிர்ந்தது. "அத்தை, இரண்டே நாளில் எல்லாவற்றையும் புதிதாக்கிவிடுகிறேன்" என்று மருமகள் எனாமல் பெயிண்ட் டப்பா ஒன்றை வாங்கி வந்துவிட்டார். அம்மையாரின் மனத்தில் ஒரு தயக்கம். வீட்டில் பத்து மாதக் கொள்ளுப்பேரன் தவழ்ந்து திரிகிறான். பல் முளைக்கும் பருவம். கைக்கு எட்டியதெல்லாம் வாய்க்குப் போகிறது. "இந்தச் சாயம் குழந்தையின் வாயில் படலாமா?" என்று கேட்டார். வீட்டில் ஒருவருக்கும் விடை தெரியவில்லை.

ஊரில் கடைசல் வேலை அறிந்த முதிய ஆசாரி ஒருவரை அழைத்துக் கேட்டார்கள். அவர் ஒரு குடத்தை எடுத்து உலர்ந்த பருத்தித் துணியால் அழுத்தித் துடைத்தார். மங்கியிருந்த சிவப்பு மெல்ல ஒளிவிட்டது. "அம்மா, இது பெயிண்ட் இல்லை, அரக்கு" என்றார்.

அரக்கு என்பது ஒரு சிறு பூச்சி தரும் பிசின். புரசு, இலந்தை முதலிய மரங்களின் இளங்கொம்புகளில் அப்பூச்சிகள் கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சி, தம் உடலைக் காக்கப் பிசினைச் சுரக்கின்றன. கொம்போடு சேர்ந்து கிடைப்பதால் அதற்குக் கொம்பரக்கு என்று பெயர். அதைச் சுரண்டிக் கழுவும்போது வரும் சிவப்பு நீரே பழங்காலத்துச் சாயம். மங்கையர் பாதங்களில் தீட்டிய செம்பஞ்சுக் குழம்புக்கும் அதுவே மூலம். எஞ்சிய பிசினை உருக்கினால் மெருகு அரக்கு கிடைக்கும். இன்று ஜார்க்கண்ட் மாநிலம் இதில் முன்னணியில் உள்ளது. அரக்கு ஆராய்ச்சிக்கென்றே ராஞ்சிக்கு அருகே நாம்கும் என்னும் இடத்தில் 1924ஆம் ஆண்டு ஒரு நிலையம் தொடங்கப்பட்டது.

அரக்கை மரத்தில் ஏற்றும் முறை வியப்புக்குரியது. தூரிகை கிடையாது. உருக்கிய அரக்கில் நிறப்பொடியைப் பிசைந்து குச்சியாக்கிக்கொள்வார்கள். கடைசல் எந்திரத்தில் மரம் சுழலும்போது அக்குச்சியை அதன்மேல் அழுத்தினால், உராய்வின் சூட்டில் அரக்கு இளகி மரத்தின்மேல் படியும். பிறகு தாழை ஓலையை வைத்துத் தேய்த்தால் நிறம் சீராகப் பரவிப் பளபளக்கும். கர்நாடகத்தின் சென்னபட்டணத்திலும் ஆந்திரத்தின் ஏட்டிகொப்பாக்காவிலும் இம்முறை இன்றும் வழக்கில் உள்ளது. அவ்விரண்டு ஊர்களிலும் பெரிதும் பயன்படுவது வெட்பாலை மரம். வெண்மையும் நெருங்கிய இழையும் உடைய அம்மரம் எந்த நிறத்தையும் தூய்மையாக ஏற்கும்.

வரியோட்டம் அழகாக அமைந்த மரத்துக்கு முறை வேறு. அங்கே நிறம் மரத்தை மூடிவிடக் கூடாது. நீரில் கரைந்த சாயத்தை முதலில் ஊட்டவேண்டும். இழைகள் வளைந்தோடும் இடத்தில் சாயம் மிகுதியாக இறங்கும். நேராக ஓடும் இடத்தில் குறைவாக இறங்கும். அதனால் மறைந்திருந்த வரிகள் தெளிவாக எழும். நன்கு உலர்ந்தபின், ஈரத்தால் எழுந்த நார்களை மெல்லத் தேய்த்து நீக்கி, நிறமற்ற அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பலமுறை மெல்லிதாகப் பூசுவார்கள்.

நிறங்களுக்கு மஞ்சள், அவுரி, அரக்குச் சாயம் போன்றவை பயன்பட்டன. மஞ்சளும் அவுரியும் கூடினால் பச்சை. காலப்போக்கில் இரசாயன நிறங்கள் இடம்பிடித்தன. ஏட்டிகொப்பாக்காவில் 1990களில் இயற்கைச் சாயங்களை மீட்கும் முயற்சி நடந்து வெற்றியும் கண்டது.

இவ்வளவும் கேட்ட அம்மையார், "அப்படியானால் என் பழைய சொப்பைக் குழந்தைக்குக் கொடுக்கலாம்தானே?" என்றார். ஆசாரி தலையசைத்து மறுத்தார். "அரக்கு நல்லதுதான், அம்மா. அதில் அந்தக் காலத்தில் எந்த நிறப்பொடியைக் கலந்தார்களோ, யார் கண்டது? ஈயமோ பாதரசமோ கலந்த பொடிகளும் அப்போது உண்டு."

அவர் சொன்னது உண்மை. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் என்பது மருத்துவம் உறுதிசெய்த செய்தி. வீட்டுப் பெயிண்டுகளில் ஈயம் பத்து லட்சம் பங்கில் 90 பங்கைத் தாண்டலாகாது என்னும் விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முற்பட்ட வண்ணங்களைப் பழமை என்னும் ஒரே காரணத்தால் நம்பிவிட இயலாது.

அம்மையாருக்கு இன்னொரு ஐயமும் இருந்தது. பூச்சியிடமிருந்து பெறும் பொருளைப் பூஜை நடக்கும் இடத்தில் வைக்கலாமா? இதற்கு விடை கருவறையிலேயே இருக்கிறது. கும்பாபிஷேகத்தின்போது மூர்த்தியைப் பீடத்தில் நிலைநிறுத்தச் சாத்தும் அஷ்டபந்தன மருந்தில் சேரும் எட்டுப் பொருள்களுள் கொம்பரக்கும் ஒன்று. சுக்கான், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் ஆகியவற்றோடு அதையும் சேர்த்து இடித்துப் பக்குவப்படுத்துகிறார்கள். இதே அரக்கைக் கொண்டுதான் துரியோதனன் வாரணாவதத்தில் பாண்டவரை எரிக்க மாளிகை எழுப்பச் செய்தான். பொருள் ஒன்றே, அதை ஏந்தும் கையின் நோக்கமே நன்மையையும் தீமையையும் பிரிக்கிறது.

எனாமல் டப்பா திறக்கப்படாமலே கடைக்குத் திரும்பியது. மருமகள் சொப்புகளைத் தம் கையாலேயே துடைத்துக் கொலுவில் வைத்தார். குழந்தைக்கென இயற்கைச் சாயம் ஏற்றிய புதிய கிலுகிலுப்பை ஒன்று சென்னபட்டணத்திலிருந்து வந்தது.

பழைய சொப்புகள் உள்ள இல்லத்தார் சிலவற்றை நினைவிற்கொள்ளலாம். வெந்நீரில் கழுவினால் அரக்கு இளகும். ஸ்பிரிட்டும் கைகழுவும் சானிடைசரும் அதைக் கரைத்துவிடும். ஈரம் தங்கினால் வெளுக்கும். கடும் வெயிலில் மஞ்சள் நிறம் மங்கும். உலர்ந்த மெல்லிய பருத்தித் துணியே போதுமானது. கொலு முடிந்ததும் ஒவ்வொன்றையும் துணியில் சுற்றி, சூடு படாத இடத்தில் வைக்கவேண்டும். முன்னோர் தந்ததைப் போற்றுவதும், அடுத்த தலைமுறைக்குத் தீங்கு வராமல் காப்பதும் ஒரே தருமத்தின் இரண்டு பக்கங்கள். அம்பிகையின் சந்நிதியில் அவ்விரண்டும் ஒருங்கே நிறைவேறட்டும்.