கடலுக்கும் தண்டவாளத்துக்கும் ஒரே எஞ்சின்

மலாக்கா கிளேபாங்கில் காட்சிக்கு வைத்திருக்கும் 'உவெஸ்ஸான்' நீர்மூழ்கிக் கப்பலுக்குள் நுழைகிறவர்கள் டார்பிடோ குழாய்களைத்தான் தேடுவார்கள். செந்தூல் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்த என் மாமா நேரே எஞ்சின் பக்கம் போனார். "டேய், இது நம்ப பீல்ஸ்டிக்குடா!" என்றார்.

பிரெஞ்சுக்காரர்கள் உருவாக்கிய பீல்ஸ்டிக் பி.ஏ.4 வகை டீசல் எஞ்சின் அது. உவெஸ்ஸான் போன்ற அகோஸ்டா ரக நீர்மூழ்கி ஒன்றுக்கு இரண்டு எஞ்சின். ஒவ்வொன்றிலும் 16 சிலிண்டர். மலேசிய ரயில்வேயான கேடிஎம்முக்கு 1983-இல் ஹிட்டாச்சி கட்டித் தந்த 23-ஆம் வரிசை லோக்கோக்களிலும், 1987-இல் வந்த 24-ஆம் வரிசையிலும் ஓடியது இதே குடும்பத்து எஞ்சின்தான்.

கடலில் ஓடுவது தண்டவாளத்திலும் ஓடுமா? ஓடும். இரண்டிலும் எஞ்சின் சுழற்றுவது ஜெனரேட்டரை மட்டுமே. லோக்கோவில் அந்த மின்சாரம் அச்சுகளில் இருக்கும் மோட்டார்களுக்குப் போகிறது. நீர்மூழ்கியில் பேட்டரிகளில் சேர்கிறது. நம்முடையது மீட்டர் கேஜ், லோக்கோவின் உடல் ஒடுங்கியது. நீர்மூழ்கியிலோ ஆள் நடக்கவே இடம் போதாது. சிறிய உடலில் பெரிய பலம் இரண்டுக்குமே தேவைப்பட்டது.

நான் வளர்ந்த பிரிக்பீல்ட்ஸில் இன்று கேஎல் சென்ட்ரல் நிற்கும் இடமெல்லாம் அன்று ரயில்வே யார்டு. இரவு முழுக்க லோக்கோக்கள் உறுமிக்கொண்டே நிற்கும். குவார்ட்டர்ஸ் வீடுகளில் அந்த உறுமலுக்குப் பிள்ளைகள் நாங்கள் தூங்கிப் பழகியிருந்தோம். எந்த வரிசை லோக்கோ என்று மாமா சத்தத்தை வைத்தே சொல்லுவார். 1995-இல் மின்சார கொமுட்டர் ரயில் வந்தது. 2001-இல் சென்ட்ரல் திறந்தது.

உவெஸ்ஸானில்தான் நம் கடற்படையினர் பிரான்சில் பயிற்சி பெற்றார்கள். நம் முதல் நீர்மூழ்கி 'துங்கு அப்துல் ரஹ்மான்' 2009 செப்டம்பரில் கிள்ளான் துறைமுகத்துக்கு வந்தபோது நாடே கொண்டாடியது. கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அதே துறைமுகத்துக்குப் பல்லாண்டுகள் கண்டெய்னர்களை இழுத்து வந்த பீல்ஸ்டிக்குகளை, கொதிக்கும் எஞ்சின் அறைக்குள் பக்கவாட்டில் நுழைந்து, எண்ணெயில் முழங்கை வரை நனைந்து பிரித்துப் பூட்டிய செந்தூல் தொழிலாளிகளும் இந்த நாட்டின் எஞ்சின்களைக் காத்தவர்களே. அவர்களில் எத்தனையோ பேர் தமிழர்கள். 23, 24 வரிசைகளில் ஒரு லோக்கோவையாவது கதவைத் திறந்து எஞ்சின் தெரியும்படி செந்தூலில் நிறுத்துங்கள். அதைப் பிரிக்கத் தெரிந்தவர்கள் வந்து விளக்கிச் சொல்லும் காலத்திலேயே அதைச் செய்யுங்கள்.