கொழுந்துத் தராசும் மின்மானியும்

கண்டி நகரிலிருந்து தலாத்துஓயா வழியாகத் தென்கிழக்கே ஏறிச் செல்லும் பாதை, ஹந்தானை மலைகளைப் பின்னே விட்டு ஹேவாஹெட்டவை அடைகின்றது. இலங்கைத் தேயிலையின் வரலாறு இம்மலைப்புறத்திலேயே தொடங்கிற்று. ஸ்கொட்லாந்தவரான ஜேம்ஸ் டெயிலர் பழைய ஹேவாஹெட்டத் தோட்ட வட்டாரத்தைச் சேர்ந்த லூல்கந்துரவில் 1867 இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அன்று கொழுந்து அவரது பங்களா விறாந்தையில், மேசைகளின் மீது, கையினாலேயே உருட்டப்பட்டது. பின்னர் நீர்ச்சில்லும் நீராவியும் எண்ணெய் எஞ்சினும் வந்தன. 1950 இல் லக்ஷபான நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பின், மலைநாட்டு நீரே மின்னாகி மலைநாட்டுத் தொழிற்சாலைகளுக்குத் திரும்பும் வழி பிறந்தது. மனிதக் கை செய்த வேலையை இன்று மின்மோட்டர் செய்கின்றது.

தோட்டத்து மக்கள் 'ஸ்டோர்' என்றே அழைக்கும் அத்தொழிற்சாலைக்குள் கொழுந்து செல்லுமுன் தராசைக் கடந்தாக வேண்டும். கூடையோ சாக்கோ எதுவாயினும், நாளொன்றுக்குச் சில முறை அது நிறுக்கப்படுகின்றது. சாக்கின் பாரத்துக்கும் இலையின் ஈரத்துக்கும் என்று சில கிலோ கழிக்கப்படும் வழக்கமும் உண்டு. குறித்த அளவு நிறையாவிடின் முழுப்பேர் அரைப்பேராகும். றாத்தல் கிலோவாக மாறியபோதும் இந்நுணுக்கம் மாறவில்லை. ஆனால் தராசுக்கு அப்பால், வாசலின் உட்புறத்தில், இரவு முழுதும் இரைந்து ஓடும் மோட்டர் எவ்வளவு மின்சக்தியை உண்கின்றது என வினவின், விடை பெரும்பாலும் உத்தேசமாகவே கிடைக்கும். தொழிற்சாலை முழுமைக்கும் ஒரு மின்மானி. மாதத்துக்கு ஒரு பட்டியல். தனித்தனி மோட்டருக்குக் கணக்கில்லை.

இதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. முற்காலத் தொழிற்சாலையில் ஒரே எஞ்சின் நீண்டதோர் அச்சைச் சுழற்ற, அவ்வச்சிலிருந்து தோற்பட்டிகள் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் இயக்கத்தைக் கொண்டுசென்றன. ஆதலின் எரிபொருட் கணக்கும் ஒன்றாகவே இருந்தது. ஹந்தானையில் 1925 இல் கட்டப்பெற்று, 2001 இல் தேயிலை அருங்காட்சியகமாக மாறிய பழைய தொழிற்சாலையில் அக்காலத்து எஞ்சின்களை இன்றும் காணலாம். இயந்திரத்துக்கு ஒரு மோட்டர் வந்தபின் தனிக்கணக்கு சாத்தியமாயிற்று; எனினும் பழைய வழக்கம் நீங்கவில்லை.

மோட்டரின் மின்நுகர்வைக் கணித்தல் பாடசாலை மாணவனுக்கும் எளிதாகத் தோன்றும். வலுவை நேரத்தாற் பெருக்கினால் சக்தி. ஒரு கிலோவாற்று வலு ஒரு மணி நேரம் செலவாயின் அது ஒரு அலகு. சூத்திரம் இவ்வளவே. ஆயின் எந்த வலுவைப் பெருக்குவது என்பதிலேயே சிக்கல் உள்ளது.

கொழுந்து வாட்டும் தொட்டியொன்றின் விசிறியை எடுத்துக் கொள்க. பச்சைக் கொழுந்தின் எடையில் முக்காற் பங்குக்கு மேல் நீர். அதனை இரவு முழுதும் காற்றுச் செலுத்தி வாட்டி, எடையை ஏறத்தாழப் பாதியாக்குதல் இவ்விசிறியின் தொழில். அதன் மோட்டரிற் பொறித்த தகட்டில் 7.5 கிலோவாற்று (அதாவது 10 குதிரைவலு), 400 வோல்ற்று, 15 அம்பியர், வலுக்காரணி 0.85 என்று இருப்பதாகவும், அது 14 மணி நேரம் ஓடுவதாகவும் கொள்க. 7.5 ஐ 14 ஆற் பெருக்கி 105 அலகு என்பான் ஒருவன். இது பிழை. தகட்டிலுள்ள 7.5 கிலோவாற்று, மோட்டர் தன் அச்சின் வழியே தரக்கூடிய வலு. அது கம்பியிலிருந்து பெறும் வலு அன்று. மூவவத்தை மோட்டர் பெறும் வலுவை அறிய, மூன்றின் வர்க்கமூலமான 1.732 ஐ வோல்ற்றாலும் அம்பியராலும் வலுக்காரணியாலும் பெருக்க வேண்டும். அவ்வாறு தகட்டு எண்களைப் பெருக்கினால் 8.83 கிலோவாற்று வரும். தருவது 7.5, பெறுவது 8.83, ஆகவே வினைத்திறன் நூற்றுக்கு 85 வீதம். எஞ்சியது வெப்பமாகக் கழிகின்றது. இக்கணக்கின்படி ஓரிரவுச் செலவு 124 அலகு.

இதுவும் உண்மையன்று; ஏனெனில் மோட்டர் எப்போதும் முழுச்சுமையில் ஓடுவதில்லை. மின்கம்பியைக் கவ்வி அளக்கும் அம்பியர்மானி 11 அம்பியர் மட்டுமே காட்டலாம். அதனை வோல்ற்றோடு பெருக்கிவிட்டு வலுக்காரணியை மறந்தால் 107 அலகு என்னும் மற்றொரு பிழையான விடை கிட்டும். சுமை குறையும்போது வலுக்காரணியும் குறையும். அதையும் அளந்து 0.78 எனக் கண்டால், மோட்டர் பெறும் வலு 5.94 கிலோவாற்று. ஓரிரவுச் செலவு 83 அலகு. ஒரே மோட்டர், ஒரே இரவு. விடைகளோ 105, 124, 107, 83. அளந்து பெற்றது கடைசி எண் மட்டுமே.

உருட்டும் இயந்திரத்தில் ஒரு தடவை அளப்பதும் போதாது. அழுத்தும் மூடி இறங்கும்போது மின்னோட்டம் ஏறும். மூடி உயரும்போது இறங்கும். அத்தகைய மோட்டருக்குத் தனி மின்மானி பொருத்தி, தொடக்க எண்ணையும் முடிவெண்ணையும் குறித்தலே தக்கது. பழைய தட்டு மின்மானியாயின் வேறொரு வழியும் உண்டு. ஓர் அலகுக்கு 120 சுற்று என்று மானியில் பொறித்திருக்க, தட்டு 10 சுற்றுகளை 50 செக்கனில் முடித்தால், அவ்வேளை செலவாகும் வலு 6 கிலோவாற்று. கைக்கடிகாரம் ஒன்றே இதற்குப் போதிய கருவி.

அளப்பதனால் ஆகும் பயன் யாது? விசிறிக்கு வேண்டிய வலு அதன் வேகத்தின் முப்படிக்கு ஏற்ப மாறுவது. வேகத்தை நூற்றுக்கு 80 வீதமாகக் குறைத்தால் வலு ஏறத்தாழப் பாதியாகும். கொழுந்து ஓரளவு வாடியபின் அத்துணைக் காற்று வேண்டியதில்லை. கைப்பிடி இலையைப் பொத்திப் பார்த்தே பக்குவம் அறியும் அனுபவசாலி இதனை நன்கு உணர்வார். முதல் 8 மணி நேரம் முழு வேகத்திலும் இறுதி 6 மணி நேரம் 80 வீத வேகத்திலும் ஓட்டின், 83 அலகு ஏறத்தாழ 66 ஆகும். வேகத்தை மாற்றும் கருவியின் இழப்பால் இம்மிச்சம் சற்றுக் குறையும். எனினும் ஒரு தொழிற்சாலையில் இத்தகைய தொட்டிகள் பல என்பதை மறத்தலாகாது.

இலங்கையில் மின்கட்டணம் 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் உயர்ந்தது. பின்னர் குறைப்புகள் வந்தபோதும் அவ்வதிர்ச்சி எளிதில் மறக்கற்பாலதன்று. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபாயாக உயர்ந்தது நீண்ட இழுபறியின் பின், 2021 இல். சம்பளம் பேசப்படும் போதெல்லாம் உற்பத்திச் செலவு காரணமாகக் காட்டப்படுதல் வழமை. மின்சாரத்தை மிச்சப்படுத்தினால் சம்பளம் தானே உயரும் என்று கூறுதல் பேதைமை. செலவில் மிகப் பெரிய பங்கு சம்பளமேயாகும். ஆயினும் அப்பேச்சு நிகழும் மேசையில், உழைப்பவளின் பங்கு கிலோக் கணக்கிலும் மோட்டரின் பங்கு உத்தேசத்திலும் இருப்பது நியாயமாகாது.

வேறொரு வகையிலும் இதனை நோக்கலாம். தேர்ந்த உடலுழைப்பாளி ஒருவர் தொடர்ந்து தரக்கூடிய வலு ஏறத்தாழ 75 வாற்று. எட்டு மணி நேரம் உழைத்தால் 0.6 அலகு. ஒரு விசிறி ஓரிரவில் உண்ணும் 83 அலகு, 138 பேரின் ஒருநாள் உடலுழைப்புக்குச் சமம். அரைப்பேர் போடும் கணக்குப் புத்தகத்தில் இந்த 138 பேருக்கு ஒரு வரிகூட இல்லை.

லயத்திலிருந்து பல்கலைக்கழகம் வந்து பௌதிகமும் பொறியியலும் பயிலும் மாணவர் இன்று உளர். வலுக்காரணி அவர்களுக்குப் பரீட்சை வினா. அவர்களின் தாய்மாருக்கோ தராசு அன்றாட வினா. விடுமுறையில் ஊர் செல்லும் அம்மாணவர், தொழிற்சாலையினரின் இசைவோடு, ஒவ்வொரு மோட்டருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, ஓடிய நேரமும் அளந்த வலுவும் குறித்து வருவாராயின், கற்றதற்கு அதைவிடப் பொருத்தமான பயன் வேறில்லை. கொழுந்துக்குத் தராசு வைத்த இடத்தில் மோட்டருக்கும் ஒரு மின்மானி இருத்தல் வேண்டும்.