ஆகஸ்ட் வானம், டிசம்பர் வானம்

டொராண்டோவிலிருந்து வடக்கே போகும் நெடுஞ்சாலையில் ஆகஸ்ட் இரண்டாம் வாரம் கூட்டம் கூடிவிடும். படகு விடவும் மீன் பிடிக்கவும் போகிறவர்களோடு, வானத்தைப் பார்ப்பதற்கென்றே கிளம்புகிற ஒரு கூட்டமும் அதில் உண்டு. பாய், போர்வை, கொசுவிரட்டி, ஒரு பிளாஸ்க் காபி. வேறொன்றும் தேவையில்லை. அவர்கள் பார்க்கப் போகும் காட்சிக்குக் காரணமான ஸ்விஃப்ட்-டட்டில் என்ற வால்மீன் 1862-இல் கண்டுபிடிக்கப்பட்டது. சூரியனைச் சுற்றிவர அதற்கு ஏறத்தாழ 133 ஆண்டுகள் ஆகும். கடைசியாக 1992-இல் வந்துபோனது. அது உதிர்த்துவிட்டுப் போன தூசிப்பாதைக்குள் பூமி ஒவ்வோர் ஆகஸ்டிலும் புகுந்து வெளியேறுகிறது. மணல் பருமனே உள்ள துகள்கள் நொடிக்கு 59 கிலோமீட்டர் வேகத்தில் காற்றுமண்டலத்தில் பாய்ந்து எரிகின்றன. பெர்சியிட் எரிமீன் மழை என்பது அதுதான். ஆகஸ்ட் 12, 13 இரவுகளில் உச்சம்.

நாங்கள் போவது மஸ்கோகா பகுதியிலுள்ள டாரன்ஸ் பேரன்ஸ். பனியாறுகள் வழித்துவிட்டுப் போன பழம்பாறை வெளி. மரங்கள் குட்டையாக, அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும். 1999-இல் கனடாவின் முதல் இருள்வானக் காப்பகமாக இந்த இடம் அறிவிக்கப்பட்டது. காட்டையும் ஏரியையும் காப்பது போல இருட்டையும் காக்க வேண்டும் என்று ஒரு சமூகம் முடிவு செய்திருக்கிறது என்பதை நம்ப எனக்குச் சில காலம் பிடித்தது. இந்த நாட்டின் மேல் எனக்கு மரியாதை கூடிய இடங்களில் இது ஒன்று.

அங்கே சில முறைகள் உண்டு. வெள்ளை விளக்கு கூடாது. சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச் மட்டும். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக அரைமணி நேரம் வேண்டும், ஒரு செல்போன் திரை அதை நொடியில் கெடுத்துவிடும். அனுபவசாலிகள் இருவர் இருவராக வருவார்கள். ஒருவர் பாறைமேல் மல்லாந்து படுத்தபடி, எரிமீன் போனதும் அதன் ஒளியளவை ஓர் எண்ணாகச் சொல்வார். மற்றவர் நேரத்தோடு குறித்துக்கொள்வார். இப்படிச் சேரும் கணக்குகள் 1988-இல் தொடங்கிய சர்வதேச எரிமீன் அமைப்புக்குப் போகின்றன. ஆய்வாளர்கள் இவற்றை வைத்துத்தான் தூசிப்பாதையின் அடர்த்தியை மதிப்பிடுகிறார்கள். சம்பளமோ பட்டமோ இல்லாமல் ராத்திரி முழுக்கக் கண்விழிக்கிற இவர்களின் பொறுமையை எவ்வளவு மெச்சினாலும் தகும்.

ஒரு கோடையில் சித்தூரிலிருந்து அம்மா வந்திருந்தார். மடக்கு நாற்காலியைச் சாய்த்து, கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். வடகிழக்கே கசியோபியாவுக்குக் கீழிருந்து ஒன்று புறப்பட்டு, தலைக்கு மேலே போய், புகைபோல ஒரு கோட்டை விட்டு மறைந்தது. “அம்மாடி!” என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார். பிறகு மெதுவாக, “விழுற நட்சத்திரத்தைப் பார்த்தா உடனே பச்சை மரத்தைப் பார்க்கணும்னு உங்க பாட்டி சொல்லுவாங்கப்பா. இல்லைன்னா மறதி வந்துடுமாம்” என்றார்.

அந்த அச்சத்துக்கு வயது அதிகம். பங்குனி மாதத்து இரவொன்றில் எரிமீன் விழக் கண்டு, தம் சேர மன்னனுக்கு என்ன ஆகுமோ என்று கலங்கி, ஏழாம் நாள் அவன் இறந்ததைப் புறநானூற்றில் கூடலூர் கிழார் பாடியிருக்கிறார். எந்தெந்த நாள்மீன் அப்போது எங்கே நின்றது என்பதையும் சேர்த்தே சொல்கிறார். பயந்தவர்தான், ஆனாலும் அவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார். பார்க்கும் பழக்கம் நம்மிடம் அன்றே இருந்திருக்கிறது.

அம்மா அடுத்துக் கேட்டது என்னை விடவில்லை. “நம்ம ஊர்ல இது தெரியாதாப்பா?”

தெரியும், ஆனால் குறைவாக. பெர்சியிட்கள் புறப்படும் திசை வடக்கே தள்ளியிருப்பதால் திருப்பதியிலிருந்து பார்க்க அந்தப் புள்ளி ஏறத்தாழ 45 பாகைக்கு மேல் உயராது. ஆகஸ்டில் தென்மேற்குப் பருவ மேகம் வேறு. ஆனால் அதே ஊரில் மேகத்தையும் பகலையும் பொருட்படுத்தாமல் எரிமீன் எண்ணும் கருவி ஓடிக்கொண்டிருக்கிறது. ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தில் 2013-இல் நிறுவிய எரிமீன் ரேடார் அது. எரிமீன் போகும் வழியில் காற்று அயனியாகிறது. அந்தத் தடத்தில் ரேடியோ அலை பட்டுத் திரும்புகிறது. தடம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்தால் 80, 100 கிலோமீட்டர் உயரத்துக் காற்றின் போக்கு தெரிந்துவிடும். பலூனும் விமானமும் எட்டாத உயரம் அது. சித்தூர் சாலையில் காதங்கியிலுள்ள தேசிய வளிமண்டல ஆய்வகத்தில் 1,024 ஆன்டெனாக்கள் கொண்ட ரேடாரும் இருக்கிறது. சிறுவயதில் பேருந்தில் அந்த வழியே எத்தனையோ முறை போயிருக்கிறேன். உள்ளே நடப்பது இன்னதென்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

எங்கள் மண்ணுக்கு உரிய எரிமீன் மழை டிசம்பரில் வருகிறது. ஜெமினிட்கள் மிதுனத்திலிருந்து புறப்படுகின்றன. பின்னிரவு இரண்டு மணி வாக்கில் மிதுனம் திருப்பதிக்கு உச்சிவானத்தை நெருங்கிவிடும். ஃபேத்தான் என்ற சிறுகோள் உதிர்த்த துகள்கள் அவை. வேகம் நொடிக்கு 35 கிலோமீட்டர் என்பதால் நிதானமாக, கண்ணுக்கு நன்றாகப் பிடிபடும்படி போகும். கனடாவில் டிசம்பர் இரவில் கைவிரல் விறைத்துவிடும். சித்தூரில் ஒரு சால்வை போதும்.

குறை விளக்குகளில் இருக்கிறது. திருப்பதி இரவிலும் உறங்காத ஊர். யாத்திரிகர்களுக்கு வெளிச்சம் வேண்டும், அதை யாரும் குறைக்கச் சொல்லவில்லை. ஆனால் 2022 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஹார்ஸ்லி மலை போன்ற ஓரிடத்திலாவது விளக்குகளுக்கு மேல்மூடி போட்டு, ஒளியைத் தரைக்கு மட்டும் அனுப்பினால் என்ன? லடாக்கின் ஹான்லேயில் 2022-இல் இருள்வானக் காப்பகம் அறிவித்து, கிராமத்து இளைஞர்களுக்கே தொலைநோக்கி தந்து பயிற்சி அளித்திருக்கிறார்கள். வருகிறவர்களுக்கு வானம் காட்டுவது அங்கே ஒரு தொழிலாகியிருக்கிறது. இந்தியாவில் முடியாத காரியம் என்று இனி யாரும் சொல்ல முடியாது.

சித்தூர், புத்தூர், நகரி பள்ளிகளில் வேலை பார்க்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். டிசம்பர் 13 இரவு, மழை விட்டிருந்தால், பிள்ளைகளைப் பெற்றோரோடு ஊருக்கு வெளியே ஓர் ஏரிக்கரைக்கு அழைத்துப் போங்கள். தொலைநோக்கி வேண்டாம். பாயும் நோட்டுப் புத்தகமும் போதும். எண்ணி, நேரத்தோடு எழுதச் சொல்லுங்கள். 2026-இல் அந்த இரவில் பிறை நள்ளிரவுக்கு முன்பே மறைந்துவிடும்.