பிரெஞ்சுக்கு எத்தனை புள்ளி?

எங்கட பட்ச்சில் இப்போது ஏழு பேர் பிரெஞ்சு படிக்கிறார்கள். நானும் அதில் ஒருத்தி. ஏழு பேரில் ஒருவருக்கும் பிரெஞ்சு இலக்கியத்தில் ஆசை கிடையாது. பாரிஸ் லா சப்பலில் சொந்தக்காரர் இருக்கிறார்கள்தான், ஆனால் இந்தப் பிரெஞ்சு பிரான்சுக்குப் போவதற்கு இல்லை. கனடாவுக்குப் போவதற்கு. அதிலும் பகிடி என்னவென்றால், பிரெஞ்சு கதைக்கிற கியூபெக்குக்கும் இல்லை. கியூபெக் தன் குடியேறிகளைத் தனியாகத் தெரிவு செய்கிறது. நாங்கள் பிரெஞ்சு படிப்பது ஆங்கிலம் கதைக்கிற ரொறன்ரோவுக்குப் போவதற்கு.

இதை வீட்டில் விளங்கப்படுத்துவது கஷ்டம். அம்மாவுக்கு விளங்கியது ஒரு வரிதான்: "பிள்ளை, உதைப் படிச்சா கெதியாக் கூப்பிடுவாங்களாம்." பேஸ்புக்கில் வரும் விளம்பரங்களும் அதைத்தான் சொல்கின்றன. ஆறு மாதத்தில் பிரெஞ்சு, ஒரு வருடத்தில் பிஆர். ஆகவே இது உண்மையில் எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். எனக்கு இதை ஒருவரும் ஒரே இடத்தில் வைத்துச் சொல்லித் தரவில்லை.

கனடா 2015 இல் எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற முறையைத் தொடங்கியது. தகுதியுள்ளவர்கள் ஒரு குளத்தில் சேர்க்கப்படுவார்கள். வயது, படிப்பு, மொழி, வேலை அனுபவம் எல்லாவற்றுக்கும் சேர்த்து 1200க்குப் புள்ளி. குறிப்பிட்ட நாட்களில் மேலேயிருந்து கொஞ்சப் பேரை அழைப்பார்கள். எங்களைப் போல இசட் ஸ்கோரோடு வளர்ந்த ஆட்களுக்கு இது புதுசில்லை. வெட்டுப்புள்ளிக்கு மேலே நின்றால் உள்ளே, கீழே நின்றால் வெளியே.

ஒரு கலைப்பட்டதாரியை எடுத்துக் கணக்குப் பார்ப்போம். 26 வயது, கலியாணம் கட்டவில்லை, கனடா ஏற்றுக்கொண்ட இளமாணிப் பட்டம், இங்கே ஒரு வருட வேலை அனுபவம், ஐஈஎல்டிஎஸ்ஸில் கேட்டலுக்கு 8, மற்ற மூன்றுக்கும் 7. இது எங்கட பீடத்தில் சும்மா கிடைக்கிற பெறுபேறு இல்லை. வயதுக்கு 110, பட்டத்துக்கு 120, ஆங்கிலத்துக்கு 124, படிப்பும் வேலையும் மொழியோடு சேர்வதற்கு இன்னொரு 50. மொத்தம் 404. ஆனால் சாதாரணச் சுற்றுகளில் 2024 தொடக்கமே வெட்டுப்புள்ளி 500ஐத் தாண்டித்தான் நின்றது. இவ்வளவு ஆங்கிலத்தோடும் அவர் குளத்துக்குள்ளேயே கிடப்பார்.

இப்போது அதே ஆளுக்குப் பிரெஞ்சைச் சேர்ப்போம். வாசித்தல், எழுதுதல், கேட்டல், பேசுதல் நான்கிலும் என்சிஎல்சி 7 என்ற மட்டம் வேண்டும். அதை எடுத்தால் இரண்டாம் மொழிக்கு 12, மேலதிகமாக 50. ஆக 466. இது மட்டும் என்றால் இன்னும் வெளியேதான். ஆனால் 2023 இல் கனடா பிரிவு வாரியாக அழைக்கத் தொடங்கியது. அதில் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கு என்றே தனிச் சுற்று இருக்கிறது. 2024 பெப்ரவரி கடைசியில் நடந்த பிரெஞ்சுச் சுற்றில் வெட்டுப்புள்ளி 336. 2025 மார்ச்சில் 379, அதில் 7,500 பேரை அழைத்தார்கள். இந்த எண்களைப் பார்த்துத்தான் எல்லாரும் பிரெஞ்சுப் புத்தகம் வாங்கினார்கள்.

ஆனால் அதே 2025 ஓகஸ்டில் பிரெஞ்சுச் சுற்றின் வெட்டுப்புள்ளி 481. எங்கட 466 ஆள் அன்றைக்கு நின்றிருந்தால் கிடைத்திருக்காது. விளம்பரத்தில் 336 மட்டும்தான் வரும். 481 வராது.

இன்னும் சில விடயங்களும் விளம்பரத்தில் வராது. என்சிஎல்சி 7 என்பது ஐரோப்பிய அளவில் ஏறத்தாழ பி2. பூச்சியத்தில் இருந்து அங்கே போக 600 மணித்தியாலம் அளவில் படிக்க வேண்டும் என்று பொதுவாகக் கணக்கிடுவார்கள். கிழமைக்கு மூன்று மணித்தியால வகுப்பு மட்டும் என்றால் அது கிட்டத்தட்ட நான்கு வருடம். டெல்ஃப் சான்றிதழ் வைத்திருந்தாலும் இந்த விண்ணப்பத்துக்கு அது செல்லாது. டெஃப் கனடா அல்லது டிசிஎஃப் கனடா என்ற சோதினைதான் எடுக்க வேண்டும். அந்தப் பெறுபேறு இரண்டு வருடம்தான் செல்லும். ஆர்வத்தில் இரண்டாம் வருடத்திலேயே சோதினை எடுத்தால், பட்டம் முடித்து வேலை அனுபவம் சேரும்போது அது காலாவதியாகி இருக்கும்.

வேலை அனுபவம் என்றேனே, அதுதான் எங்களுக்கு உண்மையான மதில். இங்கே இருந்து விண்ணப்பிக்கும் ஒருவருக்குத் தொடர்ச்சியாக ஒரு வருடம், குறைந்தது 1,560 மணித்தியாலம், தகைமை வேண்டுகிற ஒரு தொழிலில் சம்பளத்துடன் வேலை செய்த அனுபவம் வேண்டும். அதற்குக் கடிதமும் வேண்டும். கலைப்பீடத்தில் படித்துவிட்டு அரச நியமனத்துக்கு வருடக்கணக்கில் காத்திருக்கிற அக்காமாரிடம் கேட்டுப் பாருங்கள், அந்த ஒரு வருடம் எவ்வளவு தூரம் என்று சொல்வார்கள். வீட்டில் நாலு பிள்ளைகளுக்கு டியூசன் சொல்லிக் கொடுத்ததைக் கடிதமாக்குவது லேசில்லை. பிரெஞ்சுக்கு வகுப்பு இருக்கிறது. முதல் வேலைக்கு வகுப்பு இல்லை.

குளத்துக்குள் இறங்கவே 100க்கு 67 எடுக்க வேண்டிய வேறொரு கணக்கும் இருக்கிறது. என் சிநேகிதி ஒருத்தி பட்டம் முடித்து ஒரு வருடம் வேலை செய்தால் தனக்கு எவ்வளவு வரும் என்று போட்டுப் பார்த்தாள். ஐஈஎல்டிஎஸ்ஸில் நான்கிலும் 6 எடுப்பதாக வைத்தால் மொழிக்கு 16, பட்டத்துக்கு 21, வயதுக்கு 12, வேலைக்கு 9. மொத்தம் 58. இரண்டாம் மொழியாகப் பிரெஞ்சுக்கு 4 சேர்த்தால் 62. கனடாவில் நிரந்தரமாக இருக்கிற அம்மாவின் தம்பிக்கு 5. சரியாக 67. "மாமாவும் பிரெஞ்சும் இல்லாட்டி நான் பெயில்" என்றாள். சிரித்தோம். பிறகு மாமா இல்லாத பிள்ளைகளை நினைத்தேன்.

சரி, கனடா ஏன் பிரெஞ்சுக்கு இவ்வளவு புள்ளி கொடுக்கிறது? இதைத் தேடி வாசித்த பிறகுதான் எனக்கு இந்த விடயம் வெறும் புள்ளிக் கணக்காக இல்லாமல் போனது.

கியூபெக்குக்கு வெளியேயும் பிரெஞ்சு கதைக்கிற ஆட்கள் பழைய காலத்திலிருந்தே இருக்கிறார்கள். நியூ பிரன்சுவிக்கில் அக்காடியர்கள், வட ஒன்ராறியோவில் சட்பரி, திம்மின்ஸ் பக்கம், மானிடோபாவில் வினிபெக்கின் சென் பொனிபாஸ் பகுதி. 1971 இல் கியூபெக்குக்கு வெளியே இருந்த சனத்தொகையில் அவர்கள் 6.1 வீதம். அரை நூற்றாண்டில் அது பாதியளவுக்கு இறங்கிவிட்டது. பிள்ளைகள் ஆங்கிலத்துக்கு மாறுகிறார்கள், புதிதாக வருகிறவர்களும் ஆங்கிலத்தோடுதான் சேர்கிறார்கள். பள்ளிக்கூடம் சின்னதாகிறது. சின்னதானால் மூடலாமே என்ற கதை வருகிறது. ஆகவே கியூபெக்குக்கு வெளியே வரும் குடியேறிகளில் இத்தனை வீதம் பிரெஞ்சு தெரிந்தவர்களாக இருக்க வேண்டும் என்று அரசு இலக்கு வைத்தது. 2023 இல் 4.4 ஆக இருந்த இலக்கு 2024 இல் 6 ஆகி, 2025 இல் 8.5 ஆனது. எங்களுக்குக் கிடைக்கும் அந்த 50 புள்ளி எங்கள் மேல் உள்ள இரக்கத்தால் வந்ததில்லை. ஒரு சிறுபான்மை மொழி அழிந்துவிடும் என்ற பயத்தால் வந்தது.

இதை வாசித்தபோது எனக்கு அப்பப்பா ஞாபகம் வந்தார். அவர் ஒரு அரச திணைக்களத்தில் கிளார்க். 1956 இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்த பிறகு தமிழ் உத்தியோகத்தர்கள் சிங்களச் சோதினை பாஸ் பண்ணினால்தான் சம்பள ஏற்றம் என்று ஆனது. அப்பப்பா எழுதவில்லை. ஏலாமல் இல்லை, அவர் கண்டியில் வேலை செய்தவர், சிங்களம் நல்லாகக் கதைப்பார். கட்டாயப்படுத்தினால் எழுதமாட்டேன் என்பது அவருடைய நியாயம். அந்த நியாயத்துக்கான விலையை அவருடைய சம்பளம் மட்டுமில்லை, அப்பாவின் படிப்பும் கொடுத்தது. எங்கட குடும்பத்தில் மொழிச் சோதினை என்ற சொல்லுக்கு இப்படி ஒரு கதை இருக்கிறது. மூன்றாம் தலைமுறையில் நான் ஒருவரும் கேட்காமலே காசு கட்டி ஒரு மொழிச் சோதினைக்குப் படிக்கிறேன். அவருக்கு மொழி கழித்த புள்ளி. எனக்கு மொழி கூட்டுகிற புள்ளி. இரண்டிலும் புள்ளி போடுகிறவர் நாங்கள் இல்லை.

ஒரு சிறுபான்மையின் எண்ணிக்கை குறைவது என்றால் என்னவென்று எங்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2010 இல் ஒன்பது பாராளுமன்ற ஆசனம். 2015 இல் ஏழு. 2024 இல் ஆறு. போர், இடப்பெயர்வு, வெளிநாடு என்று காரணம் பல. கனடா தன் சிறுபான்மையின் வீதத்தைத் தூக்குவதற்கு ஆட்களை அழைக்கிறது. அந்த வீதத்தை நிரப்பப் போகிறவர்களில் சிலர், இங்கே ஏற்கெனவே குறைந்துகொண்டிருக்கிற எண்ணிக்கையில் இருந்து கழியப் போகிறவர்கள்.

இதைச் சொன்னதும் சிநேகிதிக்குக் கோபம் வந்தது. "ஆசனத்துக்காக நான் இஞ்ச சும்மா இருக்கோணுமோ? அந்த ஆறு பேரும் எனக்கு வேலை எடுத்துத் தருவினமோ?" என்று கேட்டாள். அவள் கேட்டது சரி. அவளுடைய அப்பா இல்லை, கீழே இரண்டு தம்பிமார். போகிறவர்களைக் குற்றவாளியாக்கி எழுதுகிற கட்டுரைகளை எழுதுகிறவர்களில் பாதிப்பேர் ஸ்காபரோவில் இருந்துதான் எழுதுகிறார்கள். நான் அந்த வேலையைச் செய்யப் போவதில்லை. பிரெஞ்சால் பிஆர் எடுத்து ரொறன்ரோவில் இருந்தாலும் சட்டப்படி பிழை ஒன்றும் இல்லை. சட்பரி, திம்மின்ஸ் போன்ற ஆறு இடங்களுக்கு என்றே 2025 இல் தனித் திட்டம் ஒன்று தொடங்கினார்கள். அதற்கு மொழி மட்டம் 5 போதும், ஆனால் அங்கே ஒரு வேலை கிடைத்திருக்க வேண்டும். குளிர் ஊர்தான். ஆனால் அங்கே போகிறவரின் பிரெஞ்சு, கொடுத்த புள்ளிக்கு உண்மையாக இருக்கும்.

நான் இன்னும் முடிவு எடுக்கவில்லை. ஆனால் வகுப்பை விடவும் இல்லை. அதற்குக் காரணம் புள்ளி இல்லை என்று சொன்னால் அது பொய். புள்ளி மட்டும் என்று சொன்னாலும் பொய்.

ஞாயிறு காலை வகுப்பு. எங்கட ஆசிரியை பாரிஸில் பத்து வருடத்துக்கு மேல் இருந்து திரும்பியவர். முதல் மாதம் 'து', 'வூ' வித்தியாசத்தைப் படிப்பிக்கும்போது, ஆங்கிலம் வழியாக வருகிறவர்களுக்கு இதில்தான் தலைவலி, உங்களுக்கு இது பிறக்கும்போதே தெரியும் என்றார். நீ, நீங்கள். அதோடு எங்களுக்கு நடுவில் 'நீர்' வேறு இருக்கிறது, பிரெஞ்சுக்காரருக்கு அது கிடையாது. டெஃப் பேச்சுச் சோதினையின் முதல் பகுதியில் முன்பின் தெரியாத ஒருவரிடம் ஒரு விளம்பரத்தைப் பற்றி விசாரிக்க வேண்டும், அங்கே 'வூ'. இரண்டாம் பகுதியில் ஒரு நண்பரை ஒரு விடயத்துக்குச் சம்மதிக்க வைக்க வேண்டும், அங்கே 'து'. மாற்றிக் கதைத்தால் காதில் குத்தும். கடைக்காரரிடம் ஒரு மாதிரியும் சிநேகிதியிடம் ஒரு மாதிரியும் கதைத்து வளர்ந்த எங்களுக்கு இது வரும். தொண்ணூறை 'நாலு இருபதும் பத்தும்' என்று பிரெஞ்சில் சொல்வதைக் கேட்டு வகுப்பே சிரித்தது. ஆசிரியை கேட்டார்: "எழுபது, எண்பது எண்டு பத்திலதானே முடியுது? பிறகு ஏன் தமிழில தொண்ணூறு மட்டும் நூறில முடியுது?" ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. அன்றைக்கு நான் வீட்டுக்கு வந்து தமிழ் இலக்கணப் புத்தகத்தை எடுத்தேன். ஏஎல்லுக்குப் பிறகு முதல் தடவை.

கலைப்பீடம் என்றால் "அதுக்குப் பிறகு என்ன செய்யப் போறாய்?" என்று கேட்கிற ஊர் இது. மொழி படிப்பதுதான் எங்களுக்குப் பழக்கமான வேலை. அந்த வேலைக்கு ஒரு நாடு புள்ளி கொடுக்கிறது என்பது கொஞ்சம் நிமிர்ந்து நிற்க வைக்கிறது. அதை நான் மறைக்கவில்லை.

தொடங்க நினைக்கிறவர்களுக்கு என்னால் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ஏஜென்சிக்குக் காசு கட்ட முதல் உங்கள் புள்ளியை நீங்களே கணக்கிடுங்கள். கனடா அரசின் இணையத்தளத்தில் அந்தக் கருவி இலவசமாக இருக்கிறது. கடைசிச் சுற்றின் வெட்டுப்புள்ளியை மட்டும் பார்க்காதீர்கள், இரண்டு வருடச் சுற்றுகளையும் பாருங்கள். முதல் வேலையைத் தேடுவதையும் பிரெஞ்சையும் ஒன்றாகத் தொடங்குங்கள், சோதினையைக் கடைசிக்கு வையுங்கள். யார் உறுதி என்று சொன்னாலும் எழுந்து வாருங்கள்.

அம்மா இப்போதும் கேட்பார்: "எப்ப பிள்ளை கூப்பிடுவாங்கள்?" வெட்டுப்புள்ளி, சுற்று, என்சிஎல்சி என்று நான் தொடங்குவேன். பாதியில் அவர் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். போன கிழமை மட்டும் போகவில்லை. பக்கத்தில் இருந்து, "நீ போனா நான் இந்த வீட்டில ஆரோட கதைக்கிறது?" என்று கேட்டார். 1200 புள்ளியில் அதற்கு எங்கேயும் இடம் இல்லை.